எங்கள் நிழல் தோட்டத்தில் நுனி கிள்ளியது யார்

வண்டிப்பெரியார்,
செப்டம்பர் 3

பேரன்பும் மரியாதையும் உள்ள யாக்கோபு மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் ஆன்மேரி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், சமையலறைக் கூரை மட்டும் இரண்டு இடத்தில் சுகமில்லை. கம்பத்தில் நீங்களும் அத்தையும், உங்கள் மொட்டைமாடியும் அதில் நாள் முழுக்க விழும் வெயிலும் மாதாவின் தயவால் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் முன்வாசல் படி. அந்தப் படியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அதோடு நீங்கள் போனை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, போன் இல்லாமலேயே கம்பத்திலிருந்து இங்கே கேட்கும்படி பேசுகிறவர். இது அம்மா காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் எழுதி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருகிற ஜிஜோவின் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஒன்பதாம் தேதி காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டி தயாராக இருக்கிறது. கயிறு போட்டுக் கட்டியும் ஆகிவிட்டது. எப்படி இங்கே வந்து நின்றோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அம்மா ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைத் தேயிலை எஸ்டேட்டிடம் ஒப்படைத்துவிட்டு, மார்ச் மாதம் நாங்கள் இந்த ஐந்து சென்ட் வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். சாமான் இறக்கியதே நீங்கள்தான். இறக்கி முடித்துவிட்டு, கொல்லையில் நிற்கிற இரண்டு ஆஞ்சிலி மரத்தையும் சில்வர் ஓக்கையும் அண்ணாந்து பார்த்து, "இந்த ஊட்டுல துணியே காயாது, எங்கக்கா எப்படிட்டி காலந்தள்ளுவா? கம்பத்துக்கு வரட்டும், வெயில்ல போட்டு வெச்சிருக்கேன்" என்று அப்பளத்தைப் பற்றிப் பேசுவதுபோல் நீங்கள் சொன்னீர்கள். பிறகு, "சும்மா நிக்க முடியாது, கொஞ்சம் ஒழுங்கு பண்ணுதேன்" என்று கத்தியை எடுத்து, இந்தக் கொல்லையில் தப்பித் தவறிப் பூத்துக்கொண்டிருந்த ஒரே செம்பருத்தியை, முப்பது வருடம் தேயிலைக்குக் கவாத்து வெட்டிய கையால், முழங்கால் உயரத்தில் மேசைபோல் மட்டமாக வெட்டிவிட்டுப் போனீர்கள். அது இன்னும் துளிர்க்கவில்லை. அம்மா அதன்மேல் காப்பித் தம்ளர் வைக்கிறாள்.

அதன்பிறகு அம்மா காய்கறி போட்டாள். கொல்லையில் வெயில் பதினொன்றே காலுக்கு வந்து பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடும். பாங்குக்கு வருகிறவர்கள்போல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மிளகாய் முளைத்து, சுற்றிப் பார்த்துவிட்டு, படுத்துக்கொண்டது. தக்காளி ஒன்றரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஒரு பூகூட விடாமல் வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அவரைக்கு மட்டும் விவரம் இருந்தது. ஆஞ்சிலியில் ஏறி, பக்கத்து வீட்டு ஷிஜி சேச்சியின் தகரக் கூரைக்குத் தாவி, அங்கே போய்ப் படர்ந்து கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஷிஜி சேச்சி அதைப் பறித்து மெழுக்குபுரட்டிப் பொரியல் வைத்து, எங்களுக்கே ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, "அவரைக்குக்கூட இந்த ஊட்டுல இருக்கப் பிடிக்கல பாத்தியா" என்றாள்.

மாமா, அம்மாவுக்கு உண்மையான குறை காய்கறி இல்லை. லயத்து வாசலில் அவள் வைத்திருந்த சாமந்தி வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாளன்று, விடிந்ததும் அந்தச் சாமந்தியைப் பறித்துக்கொண்டு போய் ரோட்டோரக் குருசடியில் மாதா காலடியில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவாள். மே மாதத்தில் ஒருநாள், ஈரம் காயாத துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முப்பத்தி நாலு வருசமா என் வாசப் பூ மாதாவுக்குப் போவாம இருந்ததில்ல. இந்த வருசம் கடையில வாங்கி வைக்கணுமாக்கும். பூ பூக்காத ஊட்டுல எனக்கு என்ன சோலி? நான் யாக்கோபுகிட்டயே போறேன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "காட்டுக்குள்ளே வெயிலே இல்லையே, அங்கே பூக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பிறகு பேரம் பேசினோம். "எட்டாந் தேதிக்குள்ள இந்த இருட்டுல பூத்த பூவ நான் மாதாகிட்ட கொண்டு போனேன்னா இங்கயே கெடக்கேன். இல்லன்னா ஒம்போதாந் தேதி யாக்கோபு ஜீப்புல ஏறிருவேன், நீ வாய் தொறக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். நான் எதற்காகச் செடி வளர்க்கத் தொடங்கினேன் என்று நீங்கள் போனில் கேட்டபோது பொழுதுபோக்கு என்று சொன்னேன் அல்லவா, அது பொய். மன்னிக்கவும்.

நான் வேலை பார்க்கிற நூலகத்து அலமாரியிலேயே நிழல் தோட்டம் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எழுதியவர் வேறு ஏதோ குளிர் நாட்டுக்காரர். காட்டில் மரத்தடியில் எது தானாகப் பூக்கிறதோ அதையே மரத்தடியில் வை, இலைச் சருகை வாரிக் கொட்டாதே, அதுதான் அதற்குச் சோறு என்று நல்ல விஷயங்களாகச் சொல்லியிருந்தார். ஆனால் நம் ஊர் ஈரத்தில் புத்தகத்தின் பின்பாதி ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்போல் ஆகியிருந்தது. நான் முன்பாதியை மட்டும் படித்தேன். பாதி தெரிந்துகொண்டு கல்யாணமே செய்கிறார்கள், செடி வைப்பதற்கு என்ன என்று நினைத்தேன்.

ஜூனில் மழை பிடித்ததும், வளைவுக்கு மேலே ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி வந்து சரிவை வழித்துக்கொண்டிருந்தது. அந்த மண்ணோடு குழியில் போகவிருந்த நாற்றுகளை எடுத்துக்கொள்கிறேன் என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். காட்டுக் காசித்தும்பை முப்பது நாற்று. இலையின் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சின்னதாகவும் இருக்கிற பிகோனியா எட்டு. குறிஞ்சிக்கு உறவான, ஆனால் பன்னிரண்டு வருடம் காக்கவைக்காத ஊதாப்பூச் செடி ஆறு. வைக்கப் பாத்திரம் இல்லாமல் குடையைக் கவிழ்த்துப் பிடித்து அதற்குள் அடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் நடந்தேன். குமுளி பஸ் என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சேச்சீ, குட நேரே பிடிக்கூ!" என்று மிகுந்த அக்கறையோடு கத்தினார். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு யாரும் என்னைப் பார்ப்பதே பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து குடையைத் தரையில் இறக்கிக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். "ஏட்டி மேரி, இதத்தான முப்பத்தி நாலு வருசமா களைன்னு புடுங்கிப் போட்டேன்? ரோட்டுல வேற ஆளு இல்லாம ஒன் குடைக்குள்ள வந்து ஏறிக்கிச்சாக்கும்?" என்றாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அம்மாவை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, இதில் ஒன்றையும் வேரோடு பிடுங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அம்மா சிரிக்காமல் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறாள். ஒரு செடியைக்கூட அவள் வேரோடு பிடுங்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு நேர்வரிசையாக நட்டேன், நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டு. அது எப்படித் தப்பு என்று அப்போது தெரியவில்லை. செடிகள் பிடித்துக்கொண்டன மாமா. இருட்டில் ஏதோ ஒன்று சந்தோஷமாக வளருவதை முதல்முதலாகப் பார்த்தேன். அம்மாகூட, "நல்லாத்தான் வருது, எம்புட்டு நாளைக்கோ" என்று வாழ்த்தினாள். பிறகு ஜூலை நடுவில் நுனிகள் காணாமல் போகத் தொடங்கின. செடி இருக்கும், இலை இருக்கும், உச்சிக் குருத்து மட்டும் இருக்காது. பூ உச்சியில்தானே வரும் என்பது என் எண்ணம். நான் காலையில் எட்டு மணிக்கு நூலகத்துக்குக் கிளம்பும்போது இருக்கிற குருத்து, சாயங்காலம் வரும்போது போயிருக்கும்.

முதலில் நத்தையைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் சாம்பல் வட்டம் போட்டேன்; மழை கரைத்தது. முட்டை ஓடு நொறுக்கிப் போட்டேன். காக்கா தூக்கிப் போனது. காப்பித்தூள் போட்டால் நத்தை அண்டாது என்று புத்தகத்தின் முன்பாதியில் இருந்தது, டப்பாவைக் கவிழ்த்தேன். "மூணு நாளா எனக்குக் காப்பி இல்ல, செடி குடிக்குது" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. கிள்ளப்பட்ட நுனிகளைத் தின்ற தடயமே இல்லை. எல்லாம் முழுசாக, செடிக்கு இரண்டடி தள்ளி மண்ணில் கிடந்தன. "கடித்துத் தோளுக்குப் பின்னால் துப்பியிருக்கிறது" என்று நோட்டில் எழுதி வைத்தேன். நத்தைக்குத் தோள் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அடுத்து ஷிஜி சேச்சியின் ஆடு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் யாரிடமும் போய்ச் சண்டை போடுகிறவள் இல்லை. மூன்று நாள் வாக்கியங்களை மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டு, நாலாம் நாள் வேலியருகில் போய், "சேச்சி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஆட்டைக் கொஞ்சம்…" என்று தொடங்கினேன். ஷிஜி சேச்சி முடிக்க விடவில்லை. "எண்ட ஆடோ? எண்ட மோளே, ஆடு வந்நா செடி பாக்கி இருக்குமோ? நுனிய மட்டும் பாத்துப் பாத்து நுள்ளி எடுக்க, எண்ட ஆடு எஸ்டேட்டில பணிக்குப் போயிட்டு வந்ததோ?" என்று கேட்டாள். அவள் வாயில் உண்மை வந்து நின்று, கையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டாள், எங்களுக்குப் பாலையும் நிறுத்திவிட்டாள். காப்பித்தூளும் இல்லை, பாலும் இல்லை. அம்மா வெந்நீர் குடித்தாள். குடித்துவிட்டு, "நத்தைக்கு நல்லா இருக்கட்டும்" என்றாள்.

பிறகு குரங்கு என்று நினைத்து ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்தேன். உடுத்திவிட அம்மாவின் பழைய வேலை உடுப்புதான் கிடைத்தது: முழுக்கைச் சட்டை, இடுப்பில் கட்டும் சாக்கு, தலையில் கட்டும் துண்டு. இரண்டு வரிசைக்கும் கோடியில் நட்டுவைத்தேன். அந்த வாரம் சேதம் இரண்டு மடங்கானது. குரங்குக்குக்கூடப் பயமில்லாத பொம்மை என்று நொந்துகொண்டேன். அந்தப் பொம்மை யாருக்குத் துணையாக நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. எனக்குக் காய்ச்சல், லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். புதன்தோறும் அம்மாவைப் பார்க்க அழகுத்தாய் சித்தி வருவாள். அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து எடுத்தவள், போன வருடம் ரிட்டயர் ஆனவள். தூரத்தில் எஸ்டேட் ஃபாக்டரி சங்கு ஊதியது. சங்கு ஊதியதும் இருவரும் பேச்சை விடாமலே எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா ஒரு வரிசை, சித்தி ஒரு வரிசை, கோடியில் பொம்மை. மூன்று பேர் நிற்கிற மாதிரியே இருந்தது.

"ஏளா புஷ்பம், நம்ம சூப்பர்வைசரு மவளுக்குக் கலியாணமாம்ளா" என்று சித்தி அம்மாவிடம் தொடங்கினாள்.

"யாரு, கொழுந்து நிறுக்கையில தராசுத் தட்டப் புடிச்சிக்கிட்டே நிப்பானே, அவனா?"

"அவனேதான். வந்து பத்திரிகை குடுத்தான். நான் போவல. போனா பந்தியில நம்ம இலையிலயும் ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான வைப்பான்!"

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். சிரிக்கும்போதும் கைகள் நிற்கவில்லை மாமா. நான்கு கைகளும் செடிகளுக்கு மேலே குருவி மாதிரி இறங்கி ஏறின. கட்டைவிரலும் சுட்டுவிரலும் குருத்தைத் தொடும், ஒரு சின்னச் சத்தம், கை தோளுக்கு மேலே பின்னால் போய் வரும். முதுகில் கூடை இல்லை. நுனிகள் இரண்டடி பின்னால் மண்ணில் விழுந்தன. வரிசை முடிந்ததும் ஒரே நேரத்தில் இருவரும் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பக்கம் பிடித்தார்கள்.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"என்னட்டி, காய்ச்சக்காரி எந்திச்சி வந்துட்ட?" என்று கேட்டாள் அம்மா. கேட்டுக்கொண்டே இன்னொன்றைக் கிள்ளினாள்.

நான் விரலால் காட்டினேன். அம்மா தன் கையைப் பார்த்தாள். அது யாருடையதோ போலப் பார்த்தாள். விரல் நுனியில் பச்சைக் கறை. "நானா?" என்றாள். அழகுத்தாய் சித்தி, "நாங்க எதையும் தொடவே இல்லையே தாயி" என்று சத்தியமாகச் சொன்னாள். மூடிய கைக்குள்ளிருந்து ஒரு குறிஞ்சிக் குருத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபித்தால் அம்மா திருப்பிக் கோபித்திருப்பாள், சாயங்காலம் சரியாகியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஜெபமாலையை எடுத்து இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. பொம்மையை அவளே பிடுங்கி உடுப்பை மடித்துவைத்தாள். கொல்லைக் கதவுப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். சங்கு ஊதும்போது எழுந்து நிற்கிறாள்; பிறகு ஞாபகம் வந்து, முன்வாசல் படிக்குப் போய் ரோட்டைப் பார்த்து உட்காருகிறாள். ரிட்டயர் ஆனது அம்மா மட்டும்தான் மாமா. அவள் கைக்கு யாரும் லெட்டர் கொடுக்கவில்லை, மாலை போடவில்லை. அது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது, நான் பிடித்து நிறுத்திவிட்டேன்.

போன வாரம் பெட்டியைக் கட்டிவிட்டாள். "நான் இங்க இருந்தா ஒன் செடி பூக்காதுட்டி. கை சொன்னா கேக்க மாட்டேங்கு" என்றாள். அவள் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்த நேரம் நான் கொல்லையில் நின்று ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். கிள்ளாமல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. முட்டைக்கோஸ் மாதிரி இலைதான் மண்டியிருக்கிறது. உச்சியில் ஒரு மொட்டு இல்லை. எட்டாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. நான் அவளை இங்கே வைத்துக்கொள்ளத்தான் தோட்டம் போட்டேன். தோட்டம் இருக்கிறது, அவளைத்தான் முன்வாசலுக்குத் துரத்திவிட்டேன். அதனால் வாக்குப்படி நான் வாய் திறக்கப் போவதில்லை. நீங்கள் வாருங்கள்.

அங்கே போனபின் செய்ய வேண்டியவை சில உண்டு. மொட்டைமாடியில் அம்மாவுக்குப் பசலைக்கீரையோ தூதுவளையோ, கிள்ளக் கிள்ள வளருகிற எதையாவது வரிசையாக வையுங்கள். ஒரு வரிசை போதாது, திரும்பி வர இன்னொன்று வேண்டும். குளிரவில்லை என்று சொன்னால் குளிருகிறது என்று அர்த்தம். மத்தியானம் படுக்கச் சொல்லாதீர்கள், கோபம் வரும்; பாயை மட்டும் விரித்துவைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள், அவளே படுத்துக்கொள்வாள். பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தால் முதல் மடக்கு குடித்துவிட்டு எஸ்டேட்டில் எந்த டிவிஷன் இலை என்று சொல்வாள். தப்பாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது நின்று சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும், அது முக்கியம். அத்தை அதிகம் பேசமாட்டார், நீங்கள் அதிகம் கேட்கமாட்டீர்கள், என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வருவேன்.

நான் எழுதியதை அம்மாவிடம் சொல்லவேண்டாம். பெரியவர்கள் இருவர் காலையும் தொட்டு வணங்கிக்கொள்கிறேன். உங்கள் முழங்கால் வலிக்கும் அத்தையின் சர்க்கரைக்கும் மாதா துணை நிற்கட்டும். பழைய சண்டை எதையும் மனதில் வைக்காமல் இருவரும் என்னை ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன மருமகள்,
ஆன்மேரி

பின்குறிப்பு (செப்டம்பர் 8, சாயங்காலம்):

மாமா, ஜீப் வேண்டாம்!

மூன்றாம் தேதி நான் கவரை ஒட்டிய கொஞ்ச நேரத்தில் குமுளி மலைப்பாதையில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. ஜிஜோவின் ஜீப் வரவில்லை. இந்தக் கடிதம் ஐந்து நாளாக அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. இன்றுதான் ரோட்டைத் திறந்தார்கள்.

நேற்றுக் காலையில் நான் நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவு திறக்கிற சத்தம். நாலு வாரத்துக்குப் பிறகு அம்மா உள்ளே போகிறாள். ஊருக்குப் போகுமுன் ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று, ஜெபமாலை சுற்றிய கையோடு. நான் தடுக்கவில்லை. பிறகு, "ஏட்டி மேரி! இங்க வா! மேல நின்னு பாத்தா என்னத்தத் தெரியும், கீழ குனிட்டி!"

குனிந்தேன். காசித்தும்பை உச்சியில் பூப்பதில்லையாம் மாமா. இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கீழே தொங்கிக்கொண்டு பூக்கும். அம்மாவின் கை தானாகப் போய் இலையை விலக்கியிருக்கிறது. விலக்கினால், அடியில் முழுக்க ரோஸ் நிறம். புத்தகப் படத்தில் ஒரு செடிக்கு ஒரு தண்டு. எங்கள் செடியில் எட்டு, பத்து. கிள்ளிய இடத்திலெல்லாம் பக்கக் கிளை வெடித்து, ஒவ்வொன்றும் இலைக்கு ஒன்றாகப் பூத்துக்கொண்டு, நான் முட்டைக்கோஸ் என்று திட்டிய அந்த மண்டைக்கு அடியில் பேசாமல் இருந்திருக்கின்றன. அன்று சாயங்காலமே புத்தகத்தின் பின்பாதியைச் சோற்றுப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த முதல் பக்கத்திலேயே இருந்தது: செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடவும், திரும்பவும் கிள்ளவும். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இத எழுதுனவன் எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டாள்.

இன்று விடிந்ததும் பறித்தோம். அம்மா ஜெபமாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பூவைக் கிள்ளினாள், கை தோளுக்கு மேலே பின்னால் போனது. நான் கூடையோடு பின்னாலேயே நடந்தேன். ஒன்றுகூடக் கீழே விழவில்லை, விழுந்தால் "கையில என்னட்டி, வெண்ணெயா?" என்று கேட்டிருப்பாள். குருசடியில் மாதாவின் பாதம் மறையும் அளவுக்கு வைத்தோம். அழகுத்தாய் சித்தியும் வந்து, சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் பாதிப் பூ தன் பங்கு என்று சொல்லிக் கும்பிட்டாள்.

பெட்டிக் கயிறு அவிழ்ந்துவிட்டது. அதில் இப்போது ஷிஜி சேச்சியின் ஆடு கட்டிக் கிடக்கிறது. நாங்கள் குருசடிக்குப் போயிருந்த நேரம் அது பழைய கயிற்றை அறுத்துக்கொண்டு முதல்முறையாக உண்மையிலேயே எங்கள் கொல்லைக்கு வந்து, மூன்று பிகோனியாவை இருந்த இடம் தெரியாமல் தின்றுவிட்டது. ஷிஜி சேச்சி வந்து பார்த்தாள். "கண்டோ? ஆடு தின்னா இங்ஙனெயாணு!" என்று, ஆடு தின்றால் இப்படித்தான் இருக்கும் என்பதைப் பெருமையாகக் காட்டிவிட்டு, உள்ளே போய் ஒரு செம்பு பால் கொண்டுவந்து கொடுத்தாள்.

அரிசி எடுக்கப் போன அம்மாவுக்குக் கடிதம் அகப்பட்டுவிட்டது. படிக்கச் சொன்னாள். படித்தேன். பொம்மை வந்த இடத்தில் சிரித்தாள், பாய் விரிக்கிற இடத்தில் மூக்கைச் சிந்தினாள். கிழித்துவிடவா என்று கேட்டேன். "எதுக்குக் கிழிக்க? அனுப்பு. என் கை எம்புட்டு வேலக்காரக் கைன்னு அவனும் தெரிஞ்சிக்கிடட்டும். கட்டஞ்சாயா விஷயத்த மட்டும் அடிச்சிரு, நான் தப்பாச் சொன்னதே இல்ல" என்றாள். அடிப்பதற்கு மனசு வரவில்லை.

இது உங்கள் கைக்கு வரும்போதே ஒன்பதாம் தேதி ஆகியிருக்கும். ஜீப் வேண்டாம் என்று எழுதினேன். அம்மா வேண்டும் என்கிறாள். அத்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து பூவைப் பார்த்துவிட்டு, ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேராகவே திரும்பிப் போக வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனை. அம்மா என்னைவிட நன்றாகச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: "யாக்கோபு வரட்டும். கவாத்துக் கத்தி கம்பத்துலயே கெடக்கட்டும்."